எத்தனை வாட் சார்?



சென்ற மாதம் வீட்டுக்குப் புது ஆம்ப்ளிஃபயர் வந்த படத்தைப் போட்டிருந்தேன். "எத்தனை வாட் சார்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாததால் இந்த நீண்ட பதிவு. வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். வாங்காதவர்களும் கடைசிவரை படியுங்கள்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் நடத்தியவன். பள்ளி ஆண்டு விழாவுக்கு ரேடியோ செட்டுக்காரர் குழாய் கட்டும்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததுதான் என் ஒலிப் படிப்பு. ஆனால் பாட்டுப் பைத்தியம். 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேசட்டை நாடா தேயும்வரை கேட்டவன்.

ஊதியக் குழு நிலுவைத் தொகை வந்தபோது, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு இரண்டு பெரிய ஸ்பீக்கர் வாங்கினேன். அவை இன்றும் நன்றாக இருக்கின்றன. மூன்று வருடம் முன்பு மகன் ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவரும் நடு ஸ்பீக்கரும் பின்பக்கச் சிறிய ஸ்பீக்கர்களும் வாங்கித் தந்தான். என் பழைய ஸ்பீக்கர்களை முன்பக்க இடம், வலமாக அதில் இணைத்தோம். படம் பார்க்கச் சரியாக இருந்தது. பாட்டு கேட்டால் உயிரில்லை. சத்தம் கூட்டினால் ரிசீவர் சூடாகித் தானே அணைந்துவிடும்.

டப்பாவில் 100 வாட் என்றுதான் போட்டிருந்தது. கையேட்டின் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த பிறகுதான் விளங்கியது. அந்த 100 வாட், இரண்டு சேனல் மட்டும் வேலை செய்யும்போது கிடைப்பது. ஐந்தும் சேர்ந்து கேட்டால் ஒரே மின்மாற்றி பங்கு போட்டுத்தான் கொடுக்கும். அதோடு என் ஸ்பீக்கர்கள் 4 ஓம். அதே மின்னழுத்தத்தில் 8 ஓம் ஸ்பீக்கரைவிட இரண்டு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சூடாகாமல் என்ன செய்யும்?

சரி, 200 வாட் பவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் தடுத்தான். "வாட்டைப் பார்க்காதீங்க சார். உங்க ஸ்பீக்கருக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க." 87 டெசிபல் என்று இருந்தது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் சத்தம் தரும் என்று பொருள்.

பிறகு அவன் எனக்குக் கணக்கு வாத்தியார் ஆனான். நான் உட்காருவது மூன்று மீட்டர் தள்ளி. தூரத்தால் ஏறத்தாழ 10 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கூடும். ஆக, ஆளுக்கு ஒரு வாட்டுக்கே 80 டெசிபல் வந்துவிடும். நாங்கள் கேட்பது 75-க்குள்தான். அதற்கு ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும்! மிருதங்கத்தின் அடி, படத்தில் வெடிச் சத்தம் என்று திடீரென 20 டெசிபல் எகிறினால் அந்த நொடிக்கு மட்டும் 100 மடங்கு வேண்டும். அப்போதும் 35 வாட்டுக்குள் அடங்கிவிடும். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். எனவே நல்ல மின்மாற்றியோடு, 4 ஓமைத் தாங்கும் 60 வாட் போதும் என்று முடிவானது.

அடுத்த கேள்வி, எந்த வகை? வெறும் பவர் ஆம்ப்ளிஃபயர் என்றால் ரிசீவரின் ப்ரீ அவுட்டில் இணைத்தால் போதும். ஆனால் பாட்டுக்கும் ரிசீவரைப் போட்டாக வேண்டும். ஹோம் தியேட்டர் பைபாஸ் உள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால், பாட்டுக்கு அது தனியாக ஓடும். படம் பார்க்கும்போது அதன் வால்யூம் குமிழ் விலகிக்கொள்ளும், கட்டுப்பாடு ரிசீவர் கைக்குப் போகும். இரண்டாவதை எடுத்தேன். ரிசீவரில் ப்ரீ அவுட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் இந்த வழி இல்லை. ஆம்ப்ளிஃபயரை மூடிய ஷோகேசுக்குள் வைக்காதீர்கள், மூச்சுத் திணறும்.

பாட்டு அற்புதமாக மாறியது. அன்றிரவே படம் போட்டேன். அரை மணி நேரத்தில் என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"சத்தம் நல்லாத்தாங்க கேக்குது. என்ன பேசறாங்கன்னுதான் புரியல. ரெண்டு வருஷமாவே அப்படித்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குப் படத்தில் ஆர்வம் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

மாணவனைக் கூப்பிட்டேன். அன்றைய தவறு என்னுடையது. புது ஆம்ப்ளிஃபயர் முன் ஸ்பீக்கர்களை உரக்க ஒலிக்க வைத்தது. வசனம் வரும் நடு ஸ்பீக்கர் பழைய அளவிலேயே இருந்தது. ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து எல்லாவற்றையும் மறுபடி சமன் செய்து, நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் கூட்டினோம். கொஞ்சம் தேவலை என்றாள். முழுதாகப் புரியவில்லை.

காது மருத்துவரிடம் போனோம். உயர் சுருதிகள் குறைவாகக் கேட்கின்றனவாம், வயதானால் பலருக்கும் வருவதுதானாம். உயிரெழுத்தின் ஒலி சத்தம் தருகிறது. ச, ஷ, ஃப போன்ற ஒலிகள்தான் ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. அவை உயர் சுருதியில் இருக்கின்றன. அதனால்தான் சத்தம் கேட்கும், சொல் புரியாது. எத்தனை வாட் போட்டாலும் இதற்குத் தீர்வில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. கடைசி பெஞ்சில் பதில் சொல்லாமல் விழித்த எத்தனை பிள்ளைகளை "கவனம் எங்கே இருக்கு?" என்று அதட்டியிருக்கிறேன்! அவர்களில் யாருக்காவது காது சரியாகக் கேட்காமல் இருந்திருக்கலாம். முன்னால் வந்து உட்கார் என்று சொல்லிப் பார்க்கவும் தோன்றவில்லையே. அப்படி யாராவது இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள்.

இப்போது அவளுக்குக் காது கருவி பொருத்தி மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் பாத்திரச் சத்தமே இடியாக இருந்தது என்றாள், பிறகு பழகிவிட்டது. போன ஞாயிறு படம் பார்த்தோம். ஒரு நகைச்சுவைக்கு எனக்கு முன்னால் அவள் சிரித்தாள். சிறிது நேரம் கழித்து, "ஏங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்றாள்.

குறைத்தேன்.

வீட்டில் பெரியவர்கள் டி.வி. முன்னாலிருந்து எழுந்து போனால் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள் பிள்ளைகளே. ஆம்ப்ளிஃபயர் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்