மூன்றரை கிராம் குண்டும் மலை மானும்

எஸ்டேட் என்றதும் நமக்கு ரப்பர் மரங்களும் லயத்து வீடுகளும்தான் ஞாபகம் வரும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் எஸ்டேட் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புதர் மண்டிய மலைச்சரிவு. இன்வெர்னெஸ் நகரிலிருந்து ரயிலேறினால் முக்கால் மணி நேரத்துக்குள் அவிமோர் என்ற சிற்றூர் வந்துவிடும். அதைச் சுற்றி விரிந்திருப்பது கெய்ர்ன்கார்ம்ஸ், பிரிட்டனின் மிகப் பெரிய தேசியப் பூங்கா.

நவம்பரில் நான் அங்கே போனபோது பெண் சிவப்பு மான்களைச் சுடும் பருவம் நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை அதற்கு அனுமதி. ஓநாய்கள் அழிந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டதால் மானை அடக்க மனிதனைத் தவிர வேறு யாருமில்லை. மான்கள் பெருகினால் பைன் கன்றுகள் தலைதூக்குவதில்லை. மான்களின் எண்ணிக்கையைக் குறைத்த க்ளென் ஃபெஷி பள்ளத்தாக்கில் இன்று இளம் பைன் மரங்கள் தாமாகவே முளைத்து நிற்பதைப் பார்க்கலாம்.

எஸ்டேட் ஒன்றில் மான் வேட்டையைக் கவனிக்கும் ஊழியர் ஒருவருடன் ஒருநாள் மலையேற இடம் கிடைத்தது. என் மனதில் இருந்த கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டேன். உதைப்பு குறைவு, விலையும் குறைவு என்று பலரும் விரும்பும் .223 போன்ற சிறிய துப்பாக்கி மானுக்குப் போதாதா?

“எந்த மானுக்கு என்று கேளுங்கள்” என்றார்.

இங்கே இரண்டு வகை மான்கள் அதிகம். ரோ மான் நம் வீட்டு ஆட்டைப் போல 25 கிலோவுக்குள் இருக்கும். சிவப்பு மானில் வளர்ந்த ஆண் 100 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். ஸ்காட்லாந்துச் சட்டம் குழலின் விட்டத்தைப் பார்ப்பதில்லை. குண்டின் எடை, வேகம், சக்தி மூன்றையும்தான் பார்க்கிறது. ரோ மானுக்குக் குண்டு 50 கிரெயின், அதாவது 3.2 கிராம் இருக்க வேண்டும். சக்தி சுமார் 1,356 ஜூல். சிவப்பு மானுக்குச் சுமார் 2,373 ஜூல் வேண்டும். அதற்கான குண்டின் எடை முன்பு 100 கிரெயினாக இருந்தது. ஈயத்தைவிட லேசான செம்புக் குண்டுகளுக்கு வழிவிட 2023இல் அதை 80 ஆகக் குறைத்தார்கள்.

இப்போது .223ஐ இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். வழக்கமான குண்டு மூன்றரை கிராம், சக்தி ஏறக்குறைய 1,700 ஜூல். ரோ மானுக்குச் சரி, சிவப்பு மானுக்குச் செல்லாது. முயல் சுடும் சாதாரண .22 ரிம்ஃபயரின் சக்தியோ பெரும்பாலும் 200 ஜூலுக்குள்தான். மானின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

இதே ரோ மான் எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் போனால் சட்டம் மாறிவிடுகிறது. அங்கே துப்பாக்கியின் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சிறிய மண்ட்ஜாக், சீன நீர்மான் இரண்டுக்கு மட்டுமே .22 விட்டமுள்ள சென்டர்ஃபயர் துப்பாக்கிக்கு அனுமதி.

சிறிய குண்டு கொல்லாது என்பதல்ல பிரச்சினை. கொல்ல எத்தனை நேரம் ஆகும் என்பதுதான். லேசான குண்டு தோள் எலும்பில் பட்டால் நுரையீரலைச் சேருமுன்பே சிதறிவிடலாம். பக்கக் காற்றும் அதை எளிதில் தள்ளிவிடும். அடிபட்ட மான் புதருக்குள் ஓடி மறையும். நவம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் மலையில் அதைத் தேட வேண்டும். அது தாயாக இருந்தால் பின்னால் ஒரு குட்டியும் தவிக்கும்.

இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. உடலுக்குள் விரியும் குண்டுகள், கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதத் தொழிற்சாலையின் பெயரால் உலகம் அறிந்தவை. கொடூரமானவை என்று 1899இல் ஹேக் மாநாடு அவற்றைப் போரில் தடை செய்தது. மானைச் சுடுவதற்கோ விரியும் குண்டுதான் வேண்டும் என்று இங்கே சட்டமே கட்டாயப்படுத்துகிறது. போரில் காயம்பட்டவன் பிழைக்க வேண்டும். வேட்டையில் காயம்பட்ட விலங்கு நொடியில் இறக்க வேண்டும்.

மதியத்துக்குப் பிறகு மூன்று பெண் மான்கள் தென்பட்டன. அவரிடம் இருந்தது .308, சட்டம் கேட்பதைவிடப் பெரியது. ஈரப் புல்லில் படுத்தபடி இருபது நிமிடம் காத்திருந்தோம். காற்று நிலைகொள்ளவில்லை, முன்னால் நின்ற மானுக்கு நேர் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. அவர் மெல்லத் தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

“பெரிய குண்டு இருக்கிறது என்பதற்காகச் சுட முடியுமா?” என்றார். நாங்கள் எழுந்ததும் மான்கள் ஒரு கணம் எங்களைப் பார்த்துவிட்டு மேட்டைக் கடந்து போயின.

குடும்பத்தோடு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் மலைகளில் பொறுப்போடு நடக்கலாம். வேட்டைப் பருவத்தில் மட்டும், பாதைத் தொடக்கத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்து, அன்று எந்தச் சரிவில் சுடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள்.