தையல் தொய்ந்த பக்கங்கள்

பழைய நாவலைக் கட்ட வேண்டுமென்றால் முதலில் அதைப் பிரிக்க வேண்டும். அட்டையை உரித்து, முதுகில் இறுகிக் கிடக்கும் பசையை ஈரத்துணி போட்டு ஊறவைத்துச் சுரண்டி, நூலை அறுத்து, மடித்த தாள்கட்டுகளை பார்ம் பார்மாக எடுத்து அடுக்க வேண்டும். மயிலம் தமிழ்க் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு பைண்டர் மாமாவிடம் நான் கற்ற முதல் வேலை இதுதான். 1938இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே படித்துத் தமிழாசிரியர்களானவர்களின் வீட்டு அலமாரிகளிலிருந்து, திண்டிவனம் விழுப்புரம் வரைக்கும், எங்களுக்குப் புத்தகம் வரும்.

“பிரிக்கறதுக்கு முன்னாடி சும்மா மேசமேல வச்சிப் பாரு பாப்பா. எங்க தானா தொறக்குதோ அங்கதான் நூல் தொய்ஞ்சிருக்கும்” என்பார் மாமா. அவர் தையலைப் பற்றிச் சொன்னார். எனக்கு அது நாவலைப் பற்றியும் சொன்ன மாதிரி இருந்தது.

வாரப்பத்திரிகைத் தொடர்களைக் கட்டுவதுதான் பெரிய பாடு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டு வந்தது. மணியத்தின் ஓவியங்களோடு வாராவாரம் கிழித்தெடுத்துச் சேர்த்த வீடுகள் தமிழ்நாடெங்கும் உண்டு. தனித்தாளுக்கு மடிப்பு கிடையாது. பக்கவாட்டில் குத்தித் தைத்தால் உள்ளோர எழுத்து தையலுக்குள் போய்விடும். அதனால் ஒவ்வொரு தாளுக்கும் மெல்லிய காகிதப் பட்டி ஒட்டிக் காயவைத்து, அந்தப் பட்டியில் ஊசி போட வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்போம். ஓரத்தை வெட்டிச் சமன் செய்ய மட்டும் மாமா விடமாட்டார். அங்கே யாராவது பென்சிலால் தேதி எழுதி வைத்திருப்பார்கள்.

அப்படி வந்தவற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ‘குறிஞ்சி மலர்’. நா. பார்த்தசாரதி, மணிவண்ணன் என்ற பெயரில் கல்கியில் எழுதிய தொடர். படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதன் நாயகி, நாயகன் பெயர்களையே, பூரணி என்றும் அரவிந்தன் என்றும், வைத்தார்கள். ஒரு நாவலுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? கதையில் அரவிந்தன் இறந்துபோகிறான். அது தெரிந்தும் தொட்டில் குழந்தைக்கு அந்தப் பெயரை இட்டார்கள். சாவு மட்டுமே மனதில் நின்றிருந்தால் அந்தப் பெயரை வைக்க யாருக்கும் கை வந்திருக்காது.

என் கைக்கு வந்த பிரதிகளும் அதையே சொல்லின. கடைசிப் பக்கங்களைவிட முன்பகுதிதான் அதிகம் நைந்திருந்தது: தகப்பனை இழந்த பூரணி தம்பி தங்கைகளை வைத்துக்கொண்டு மதுரையில் குடும்பத்தை ஓட்டும் இடங்கள், அரவிந்தன் அச்சகத்தில் வேலை பார்க்கும் இடங்கள்.

எங்கள் நடுநாட்டுப் பக்கத்து நாவல்களிலும், அன்றாடப் பாடே மனதில் நிற்பதைக் கண்டேன். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. அதில் வரும் ஆரோக்கியம் துணி வெளுப்பதையும், ராத்திரியில் வாசல் வாசலாகச் சோறு கேட்பதையும், களத்தில் நெல்லுக்கு மன்றாடுவதையும் கூடவே நின்று பார்த்துவிடுகிறோம். பிறகு அவள் புலம்பும்போது நம்மால் விலகி நிற்க முடிவதில்லை. கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’யை, கல்யாணத்தில் ஏமாற்றப்பட்டவள் கதை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த வரி யாரையும் அழவைக்காது. விருத்தாசலம் பக்கத்துக் கூலிக்காரியின் பேச்சும் அவள் வாங்கும் ஏச்சும் காதில் விழ விழத்தான் அவள் நம் தெருக்காரி ஆகிறாள். நடுநாட்டுச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தவர் குணசேகரன். அவர் காது அப்படிப்பட்டது.

படித்த இரவு அழவைத்து மறுநாள் மறந்துபோகும் நாவல்கள் ஏராளம். அவை பைண்டரிடம் வருவதில்லை, எடைக்குப் போகின்றன. ஒருத்தி என்ன வேலை செய்தாள், யாரிடம் கடன் சொன்னாள் என்று தெரியாமல் அவளுக்காக அழுவது, முன்பின் பழகாத வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய் அழுவது போலத்தான். தொடர்கதை வாசகருக்குக் கதைமாந்தரோடு அந்தப் பழக்கத்தை வாரங்கள் உண்டாக்கின. நேராகப் புத்தகமாக வரும் நாவலில் எழுத்தாளரே அன்றாட வேலைகளைச் சொல்லிச் சொல்லி உண்டாக்க வேண்டியிருக்கிறது. சம்பவத்துக்கு அவசரப்படும் எழுத்தாளர்களுக்கு இது கைகூடுவதில்லை என்பது என் எண்ணம்.

இப்போது வரும் நாவல்கள் பலவற்றில் தையலே கிடையாது. முதுகை வெட்டிச் சூடான பசையில் ஒட்டிவிடுகிறார்கள். நாலு பேர் விரித்துப் படித்தால் நல்ல நாவல்தான் முதலில் தாள் தாளாக உதிர்கிறது. பதிப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நாவலையாவது பார்ம் தைத்துக் கொடுங்கள். அட்டைக்குச் செலவிடுவதில் கொஞ்சம் நூலுக்கும் போகட்டும்.