வீசம் தப்பினால்

32 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குக் கற்பித்தவள் நான். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, வீசம் என்றால் பதினாறில் ஒன்று என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை சலித்தவள். அப்படிப்பட்ட எனக்கு, ஓய்வு பெற்ற பின்னர், கால் அங்குலம் எவ்வளவு என்பது தெரியாமற் போயிற்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் புதிதாகத் தையல் பழகும் பிள்ளைகளுக்கு என் பிசகு உதவக்கூடும் என்றெண்ணி எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு அம்மா காலமானார். அவருடைய தகரப் பெட்டியில் மூன்று கைத்தறிச் சேலைகள் இருந்தன. சந்தன நிறத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று. நீலச் சேலை அப்பா மருதமுனையில் நெசவாளர் ஒருவரிடம் நேரே வாங்கி வந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி எங்கள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோயிற்று. அந்தப் பெட்டி மாத்திரம் இடிந்த சுவரின் கீழே அகப்பட்டுக் கிடந்தது. மறுநாள், முறிந்து விழுந்த தென்னை மரத்தின் மேலே அம்மா அந்தச் சேலைகளை விரித்துக் காயவைத்தார். அப்போது நான் பள்ளி மாணவி. ஊரெல்லாம் அழுதுகொண்டிருக்க, இவர் சேலை காயப்போடுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது இன்றும் ஞாபகமிருக்கிறது.

கனடாவிலிருக்கும் என் மகளுக்குப் பிள்ளை பிறக்கவிருந்தது. அந்தச் சேலைகளைத் துண்டுகளாக வெட்டி, இணைத்து, பிள்ளைக்கு ஓர் ஒட்டுப்போர்வை தைத்து அனுப்புவதென்று தீர்மானித்தேன். 36 அங்குல அகலம், 45 அங்குல நீளம். ஒவ்வொன்றும் 9 அங்குலச் சதுரமாக 20 கட்டங்கள். அவற்றில் 10 கட்டங்கள் நீலமும் வெள்ளையுமாக ஒன்பது சிறு துண்டுகள் கூடியவை, மற்றப் 10 கட்டங்கள் சந்தன நிறத்தில் ஒரே துண்டாலானவை. சதுரங்கப் பலகை போல இரண்டையும் மாறி மாறி வைக்கவேண்டும். ஒரு கட்டத்துக்கு ஐந்து நீலத் துண்டு என்றால் ஐம்பது துண்டு. நீலச் சேலையிலோ முந்தானைப் பக்கம் ஒன்றரை முழந்தான் எஞ்சியிருந்தது. மிகுதியை எங்களுக்கு ஏணை கட்டவென்று அம்மாவே எப்போதோ கிழித்துவிட்டார். நைந்த இடங்களைத் தவிர்த்துக் கணக்குப் பார்த்தபோது, ஐம்பதுக்கு மேல் நான்கு துண்டுகளே மிஞ்சும் என்று கண்டேன். அதற்கு மேல் அந்தத் துணி உலகத்தில் எங்கும் இல்லை.

புளியந்தீவில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான தையற்கார அன்ரி ஒருவர் இருக்கிறார். பறங்கியர் சமூகத்தவர். மட்டக்களப்புப் பறங்கியரில் முதியோர் சிலர் இன்றும் வீட்டில் போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசுவர்; அன்ரியும் நூல் அறுந்தால் அந்த மொழியில்தான் ஏதோ சொல்வார். “முதலில் பழைய படுக்கை விரிப்பை வெட்டித் தைத்துப் பழகு மகள்” என்று அவர் சொல்லியனுப்பினார். நான் கேட்கவில்லை. கணக்கு ஆசிரியைக்கு ஒன்பது சதுரத்தை இணைக்கத் தெரியாதா என்ற இறுமாப்பு.

பத்துக் கட்டங்களையும் ஒரு வாரத்தில் தைத்து முடித்து, சந்தன நிறக் கட்டங்களின் பக்கத்தில் பாயில் பரப்பினேன். ஒன்றும் பொருந்தவில்லை. ஓரத்தில் விடும் தையல் விளிம்பையுஞ் சேர்த்து 9½ அங்குலம் இருக்கவேண்டிய கட்டங்கள் 9¼ அங்குலமே இருந்தன. சில அதிலும் குறைவு. இழுத்துத் தைத்துச் சமாளிக்கலாமென்று ஒரு வரிசையை முயன்று பார்த்தேன். அது வாவியில் அலையடிப்பது போல நெளிந்தது.

துணியெல்லாவற்றையும் ஒரு பையிலிட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்து அன்ரியிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டத்தை மறுபுறம் திருப்பினார்.

“கட்டத்தை அளந்து என்ன காண்பது மகள்? தையலை அள.”

அளந்தேன். கால் அங்குலம் விட்டுத் தைத்ததாக நான் நினைத்திருந்த விளிம்பு, காலும் வீசமுமாக இருந்தது. ஒரு வீசந்தானே என்று என் முகம் சொல்லியிருக்கவேண்டும். அன்ரி ஒரு தாளை நீட்டி, “கணக்குப் போடுங்கள் ரீச்சர்” என்றார். மரியாதைப் பன்மை வந்தாலே ஏச்சு வருகிறதென்று அர்த்தம்.

கணக்கு இதுதான். ஒரு தையல் இரண்டு துண்டுகளின் விளிம்பையும் விழுங்குகிறது. ஆகவே ஒரு வீசம் கூடினால் ஒரு தையலில் இரண்டு வீசம் போய்விடும். மூன்று துண்டு கொண்ட வரிசையில் இரண்டு தையல். மொத்தம் நான்கு வீசம். நான்கு வீசம் ஒரு கால். நான் தொலைத்த கால் அங்குலம் சரியாக அங்கேதான் இருந்தது. எல்லாக் கட்டங்களும் ஒன்பது துண்டுக் கட்டங்களாகி, எல்லாம் ஒரேயளவாகப் பிசகியிருந்தால், போர்வையின் அகலம் 1⅜ அங்குலம் குறைந்திருக்கும். அதை யாரும் கவனித்திரார். தையலே இல்லாத வெறுங்கட்டத்தை அதன் பக்கத்தில் வைத்ததுதான் குட்டை வெளியாக்கிற்று.

பிசகின் காரணம் என் பழைய மிதி இயந்திரத்தில் இருந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் ஓரம் ஊசியிலிருந்து கால் அங்குலம் என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில் அது கூடுதலாயிருந்தது. அன்ரி ஒரு மட்டை எடுத்து, அதன் ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் கூரிய பென்சிலால் கோடு கீறினார். ஊசியைக் கையால் சுழற்றி இறக்கி, கோட்டின் மேல் முனை படும்படி மட்டையை வைத்து, மட்டையின் ஓரத்தை ஒட்டி இயந்திரத்தின் தகட்டில் காயத்துக்கு இடும் பிளாஸ்டரை நாலைந்து மடிப்பாக ஒட்டச் சொன்னார். துணியை நகர்த்தும் பற்களை மாத்திரம் மறைக்கக்கூடாது. அந்த மேட்டை உரசிக்கொண்டு துணி ஓடினால் தையல் விலகாது.

அதுவும் போதாதென்றார். துணி மடிந்து திரும்பும் இடத்தில் ஓரிரு இழையின் தடிப்பு வீணாகிறது. எனவே கால் அங்குலத்துக்கு ஓர் இழை உள்ளடங்கித் தைக்கவேண்டும். சரியா என்றறிய அவர் சொன்ன சோதனை எளியது. 1½ அங்குல அகலமான மூன்று கீலங்களை இணைத்துத் தைத்து, மடிப்பை அழுத்தியபின் நடுக்கீலத்தை அளக்கவேண்டும். அது சரியாக 1 அங்குலம் இருந்தால் இயந்திரம் தயார். எனக்கு ஐந்தாவது தடவையில்தான் வந்தது. தைக்கும்போது ஊசியைப் பார்ப்பது என் வழக்கம். துணியின் ஓரம் மேட்டோடு சேரும் இடத்தையே பார்க்கவேண்டும், அதுவும் கடைசி அரை அங்குலத்தில் துணி விலகி ஓடப்பார்க்கும், அப்போது கண்ணை எடுக்கலாகாது என்றார்.

பிறகு வெட்டியதைப் பரிசோதித்தார். இங்கேதான் என் மனம் உடைந்தது. மட்டையில் செய்த அச்சை வைத்துச் சுற்றிக் கீறி வெட்டியிருந்தேன். பென்சில் உரசி உரசி மட்டையின் மூலைகள் தேய்ந்துபோயின. முதலாவது துண்டையும் ஐம்பதாவது துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது அவை ஒத்திருக்கவில்லை. கடைசியாக வெட்டிய ஐந்து துண்டுகள் பயன்படாதவை. மிஞ்சியிருந்தவை நான்கு.

அச்சுக்குப் பழைய எக்ஸ்றே படலமே சிறந்தது என்றார் அன்ரி. தேயாது, வளைந்தும் முறியாது, உள்ளேயிருக்கும் துணியின் இழையும் தெரியும். எங்கள் வீட்டில் அம்மாவின் முழங்கால் எக்ஸ்றே ஒன்று இருந்தது. அதைத்தான் வெட்டினேன். துணிநாடாவால் அளப்பதையும் அன்று விட்டேன். நாடா நாட்பட இழுபட்டு நீளும். ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே இரும்பு அடிமட்டம்.

கைத்தறித் துணியில் ஒரு சௌகரியம் உண்டு. ஓரிடத்தில் ஓர் இழையை ஊசியால் தூக்கி மெல்ல உருவினால் துணியின் குறுக்கே நேர்கோடு ஒன்று தானே விழும். எந்த அடிமட்டமும் அவ்வளவு நேராகக் கீறாது. பாவும் ஊடையும் துண்டின் விளிம்புக்கு நேராக இருந்தால் துண்டு இழுபடாது. கோணலாக வெட்டியது கை பட்டாலே நீளும். அம்மாவின் சேலைகளோ உடுத்து உடுத்து மென்மையாகிவிட்டவை. அடிமட்டத்தின் கீழேயே நழுவின. அதற்கு மருந்து சோற்றுக் கஞ்சி. கஞ்சியில் தோய்த்து, கச்சான் காற்றில் உலர்த்தி, சற்று ஈரமிருக்கையில் ஸ்திரிக்கை போட்டால் துணி கடதாசி போல நிற்கும். மாரி காலத்தில் இந்த வித்தை ஒரு நாளைக்குமேல் பலிக்காது. வாவிக் காற்றின் ஈரத்தில் மறுபடி தளர்ந்துவிடும். கஞ்சியிட்ட அன்றே வெட்டி அன்றே தைப்பது நல்லது. போர்வை முடிந்ததும் கஞ்சி போக அலசிவிடவேண்டும். இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும். முதுகுப் பக்கத்துக்கு வாங்கிய புதுத் துணியையும் சாயம் போகாமல் தெளிந்த நீர் வரும்வரை முன்னமே அலசினேன்.

இனிப் பிரிக்கும் வேலை. பத்துக் கட்டம், கட்டத்துக்கு எட்டு ஓட்டம். சவர அலகின் முனையால் நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்து நூலை உருவினேன். அம்மா படுவான்கரையில் பிறந்தவர், பன்பாய் இழைப்பார். ஒரு பன் தப்பி வண்ணக்கோடு விலகியது கண்டால், முக்கால் பாய் முடிந்திருந்தாலும், தப்பிய இடம்வரை பிரித்துவிட்டுத்தான் மேலே போவார். “பிறகு சரிக்கட்டலாம்” என்று நான் சொன்னால் பதிலே வராது.

பிரித்தபோது ஒரு சந்தோஷம் கிடைத்தது. நான் தொலைத்ததாக எண்ணிய துணி தொலையவில்லை; விளிம்புக்குள்ளே மடிந்து கிடந்தது. குறைவாக விளிம்பு விட்டுத் தைத்தவர்களுக்குத் தையல் பிய்ந்து துணியும் போகும். அதிகமாக விட்டவர்களுக்கு அதைத் திரும்பப் பெறும் வழியுண்டு.

அடுத்து அழுத்துவது. ஸ்திரிக்கைப் பெட்டியை முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்கிறோமே, அது துண்டை நீட்டிவிடும். வைத்து, அழுத்தி, தூக்கி, மறுபடி வைக்கவேண்டும். முதல் வரிசையின் விளிம்புகளை வலப்புறமும் அடுத்த வரிசையின் விளிம்புகளை இடப்புறமும் மடித்து அழுத்தினால், இரண்டு வரிசைகளையும் சேர்க்கும்போது மேடும் மேடும் ஒன்றையொன்று தாங்கிப் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலைகளும் ஒரு புள்ளியில் கூடும். முதன்முறை அப்படிக் கூடியபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை.

இவ்வளவு நுணுக்கம் எல்லாப் போர்வைக்கும் வேண்டுமா? வேண்டியதில்லை. வங்காளத்துக் காந்தா என்பது பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டத் தையல் போட்டது. கருநாடகத்து உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆபிரிக்க வழியினரான சித்தியர், கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். முதுகுத் துணியை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, கைக்கு வந்த துண்டை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றி நடுவுக்கு வந்து சேருவர். படங்களில் பார்த்து வியந்திருக்கிறேன். அங்கே அடுத்த துண்டு முன்னைய துண்டுக்கு இடங்கொடுத்துத் தன்னை அமைத்துக்கொள்கிறது. மூலைகள் கூடவேண்டுமென்று தொடங்கிய என் போர்வை அந்தச் சலுகையைத் தரவில்லை. கவந்தியே சுலபமென்று நினைப்பவர்கள் ஒன்று தைத்துப் பார்க்கட்டும்.

நீலத் துண்டு ஒன்று குறைந்ததே, அதற்கு என்ன செய்தேன்? கடையில் நீலம் தேடினேன்; பக்கத்தில் வைத்தால் எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் நான் பள்ளியில் கடைசி நாள் உடுத்திய பச்சைப் பருத்திச் சேலையில் 3½ அங்குலச் சதுரம் ஒன்று இழை உருவி வெட்டினேன். மூன்றாவது வரிசையில், ஒரு கட்டத்தின் மூலையில் வைத்தேன். இருபது கட்டங்களும் சேர்ந்தபின் அகலத்தை மூன்று இடங்களில் அளந்தேன். இரண்டிடத்தில் சரி; ஓரிடத்தில் அரைவீசம் குறைவு. அன்ரி அடிமட்டத்தை வாங்கித் தாமும் அளந்து, “பொதி கட்டு மகள்” என்றார்.

பொதி கிடைத்தவுடன் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். நீலமும் சந்தனமும் வெள்ளையும் அம்மம்மாவுடையவை என்று பார்த்ததுமே தெரிந்ததாம். இந்தப் பச்சை யாருடையது என்று கேட்டாள்.