உலூக் பேக்கின் சமர்கண்ட்

தாஷ்கண்டிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணித்தால் சமர்கண்ட். உஸ்பெகிஸ்தானுக்கு வரும் எவரும் முதலில் போய் நிற்கும் இடம் ரெஜிஸ்தான் சதுக்கம். நானும் காலையில், கூட்டம் சேரும் முன்பே அங்கே போய்விட்டேன்.

மூன்று பக்கமும் மூன்று மதரசாக்கள். கேமராக்கள் எல்லாம் வலப்பக்கம் இருக்கும் ஷேர்தோரை நோக்கியே திரும்புகின்றன. மானைத் துரத்தும் புலிகள், அவற்றின் முதுகில் மனித முகத்தோடு எழும் சூரியன் என்று அதன் வாயிலே கண்ணைப் பறிக்கிறது. என் கால்கள் இடப்பக்கம் போயின. அங்கே இருப்பது மூன்றிலும் மூத்தது. தைமூரின் பேரன் உலூக் பேக் 1420இல் கட்டி முடித்த மதரசா. வாயில் முழுக்க நீல ஓடுகளில் நட்சத்திரங்கள். கட்டியவனின் மனம் எங்கே இருந்தது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். உள்ளே மாணவர்கள் தங்கிப் படித்த அறைகளில் இன்று பட்டுத் துணியும் பீங்கான் தட்டும் விற்கிறார்கள். வானியலும் கணிதமும் பயின்ற அறைகளில் ஒன்றையாவது அன்றிருந்தபடி விட்டு வைத்திருக்கலாம்.

அங்கிருந்து நடை தூரத்தில் கூர் அமீர், தைமூரின் சமாதி. வரிவரியாகப் புடைத்த நீலக் குவிமாடம். உள்ளே சுவரெல்லாம் பொன். நடுவில் தைமூரின் நினைவாகக் கரும்பச்சை ஜேட் கல். அதை வைத்தவர் உலூக் பேக். அவரும் இங்கேயேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1449இல், மெக்காவுக்குப் புறப்பட்டவரை, பெற்ற மகனே ஆளனுப்பித் தலையை வெட்டச் செய்தான். 1941இல் சோவியத் அறிஞர் கெராசிமோவ் குழு கல்லறையைத் திறந்தபோது, எலும்பிலேயே அந்த வெட்டு தெரிந்தது.

மதியத்துக்குப் பிறகு நகரின் வடகிழக்கே இருக்கும் குன்றுக்குப் போனேன். உலூக் பேக்கின் வானாய்வுக் கூடம் இருந்த இடம் அது. மூன்றடுக்குக் கட்டடம் அவர் இறந்தபின் இடிக்கப்பட்டு, இடமே மறந்துபோனது. 1908இல் வியாட்கின் என்ற ஆய்வாளர் தோண்டிக் கண்டெடுத்தார். மண்ணுக்குள் இருந்த பகுதி மட்டும் தப்பியிருக்கிறது.

தாழ்ந்த வாயிலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். பாறையைக் குடைந்த குறுகிய பள்ளம். அதில் இரண்டு பளிங்குத் தடங்கள் அருகருகே வளைந்து கீழே இறங்குகின்றன. இது சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள பிரம்மாண்ட வட்டத்தின் ஒரு துண்டு. உச்சிவேளையில் உயரத்திலிருந்த துளை வழியே வரும் சூரிய ஒளி இந்த வளைவில் விழும். விழுந்த இடத்தை வைத்துச் சூரியனின் உயரத்தைக் கணிப்பார்கள். இவ்வளவு பெரிதாக ஏன் கட்டினார்கள் என்பது தடங்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. இந்த அளவில் ஒரு பாகை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் நீளம் வரும். நூலிழை வித்தியாசத்தைக்கூட வெறுங்கண்ணால் பிடித்துவிடலாம்.

பிடித்தார்கள். நட்சத்திர ஆண்டின் நீளம் 365 நாள், 6 மணி, 10 நிமிடம், 8 வினாடி என்று உலூக் பேக் கணித்தார். இன்றைய கணக்குக்கும் அதற்கும் ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை. தொலைநோக்கி பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு இது! ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடங்களைக் குறித்த அவரது பட்டியலைச் சீடர் அலி குஷ்ஜி இஸ்தான்புல்வரை கொண்டு சேர்த்தார். 1665இல் அது ஆக்ஸ்ஃபர்டில் லத்தீனிலும் அச்சானது.

நான் நின்ற நேரத்தில் ஒரு சுற்றுலாக் குழு வந்தது. எட்டிப் பார்த்தார்கள், படமெடுத்தார்கள், பேருந்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

சமர்கண்டில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், பீபி கானிம் மசூதியை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். இடிந்து கிடந்து, பெரும்பகுதி கடந்த நூற்றாண்டில் திரும்ப எழுப்பப்பட்டது அது. மிச்சப்படும் நேரத்தை இந்தக் குன்றுக்குக் கொடுங்கள். பக்கத்திலேயே சிறிய அருங்காட்சியகமும் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பள்ளத்துக்கு வாருங்கள்.