உட்காரும் இடம்

குன்றக்குடி மலைமேல் சண்முகநாதர் மயில்மீது அமர்ந்திருக்கிறார். வள்ளிக்கும் தெய்வானைக்கும் தனித்தனி மயில்கள். யாரும் யார் பின்னாலும் ஒண்டிக்கொள்ளவில்லை. அந்தச் சன்னிதியில் நின்றால் எனக்குச் சைக்கிள் சீட் நினைவு வந்துவிடும்.

அண்மையில் அடிவாரத்துச் சைக்கிள் கடையொன்றில் ப்ளஸ் ஒன் படிக்கும் பிள்ளை, அரசு கொடுத்த புது வண்டியோடு நின்றது. சீட் அடிமட்டத்தில் கிடந்தது. கடைக்காரர் போல்ட்டைத் தளர்த்தி உயர்த்தினார். “ஏறி உட்காரு ஆத்தா. குதிகாலைக் கீழ்ப்பெடல்ல வை.” கால் நேராக நீண்டதும் முடுக்கினார். இனி முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும்; அவ்வளவுதான் கணக்கு.

“அண்ணே, தரை எட்டலையே?”

“ஓட்டுறப்ப தரை எதுக்கு? நிக்கிறப்ப சீட்டை விட்டு முன்னால இறங்கிக்க.”

மெத்தை தடித்தால் சுகம் என்று நம்புகிறோம். உடம்பைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். மெத்தை அமுங்கினால் பாரம் நடுவிலுள்ள மென்சதைக்குப் போய் மரத்துவிடும். பழைய தோல் சீட்டோ இழுத்துக் கட்டியது. ஓட்ட ஓட்ட ஓட்டுபவரின் எலும்புக்கேற்ப இரண்டு குழிகள் விழும். பர்மிங்ஹாமில் தோல் வேலை செய்த ஜான் பௌல்ட்பீ புரூக்ஸ், குதிரை செத்தபின் இரவல் வாங்கிய சைக்கிளின் சீட் தந்த வலி தாளாமல் சீட் செய்வதில் இறங்கினார் என்பார்கள். 1882-இல் காப்புரிமையும் பெற்றார். நிமிர்ந்து ஓட்டுபவருக்குப் பாரமெல்லாம் சீட்டில்தான், அகலம் வேண்டும். குனிந்தால் கைகளும் பங்கு வாங்கிக்கொள்ளும்.

பெண்களுக்கு அந்த எலும்பு முனைகள் பொதுவாகச் சற்று விலகியிருக்கும். இதை அறிந்தபின் பக்கத்துப் புதுக்கோட்டைப் பெண்கள்மேல் என் மரியாதை கூடிவிட்டது. 1991-இல் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் எழுத்தோடு சேர்த்துக் கற்பிக்க வழிசெய்தார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆண்களுக்கென்று செய்த பார் வண்டியிலேயே ஏறினார்கள். சிலர் அதைத்தான் விரும்பிக் கேட்டார்கள்: பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்கள் அந்தச் சீட்டில் பட்ட வலியைப் பற்றி மட்டும் நான் எங்கும் படித்ததில்லை.

பள்ளியில் வண்டி வழங்கும் நாளிலேயே மைதானத்தில் ஒரு மெக்கானிக்கை ஸ்பானரோடு நிறுத்தலாம். ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்றி உட்காரவைத்து, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, சீட்டை முடுக்கிக் கொடுத்தனுப்ப ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும்.