கொம்பனி பெயின்ட்

பழைய கார் விற்கிற விளம்பரங்களை வாசிச்சுப் பாருங்க. எஞ்சின், ஏசி எல்லாத்தோடயும் ஒரு சொல் கட்டாயம் நிற்கும்: 'கொம்பனி பெயின்ட்'. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. 2025 தொடக்கத்தில தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடும் வரைக்கும் நாட்டுக்குள்ள கிடந்த கார்கள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. பொனட்டில மறுபூச்சு தெரிஞ்சால் போதும், "எங்கயோ அடிபட்ட வண்டி" என்று விலையை இறக்குவாங்க. அடிபடாத காருக்கும் அந்தப் பழி வரும், ஒழுங்கில்லாமல் கட்டி இழுத்தால்.

மாமாட வெள்ளை வேகன் ஆர் பொத்துவிலால வரக்குள்ள கோமாரிக்கு இங்கால நின்றுபோச்சு. மச்சாளின்ட படிப்புக் காசுக்காக அதை விற்கிறதென்று முடிவெடுத்து, அடுத்த கிழமை ஆள் பார்க்க வருவதாகப் பேச்சு. ஒரு பிக்கப்காரர் உதவிக்கு நிறுத்தி, சங்கிலியோட குனிஞ்சார். கொக்கியைப் பம்பருக்குக் கீழால கொழுவப் போனார்.

"தம்பி, அதுல வேணாம்" என்றார் மாமா.

பம்பர் வெறும் பிளாஸ்டிக். பல கார்களில டிக்கிக்குள்ள ஜக்கோட சேர்த்து ஒரு இரும்பு வளையம் இருக்கும்; பம்பரில உள்ள சின்ன மூடியைக் கழற்றி அதைத் திருகிப் பூட்டணும். மூடியைத் திறக்கிற ஸ்க்ரூ டிரைவர் நுனியில துணி சுத்தணும், இல்லாட்டி முதல் கீறல் அங்கயே விழும். சங்கிலியை விட அகலமான நைலோன் பெல்ட் நல்லம். சங்கிலி தொய்ஞ்சு இறுகிற ஒவ்வொரு தடவையும் ஆடி அடிக்கும். காரின்ட பூச்சு, அடிப்பூச்சு, நிறம், மேல கண்ணாடி மாதிரி வார்னிஷ் எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்தில ஒரு பங்குதான். அது பெயர்ந்து தகரம் தெரிஞ்சால் எங்கட கடல் காத்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனா அது ஓட்டோ கியர் வண்டி. முன்சில்லு உருள உருள அக்கரைப்பற்று வரைக்கும் இழுத்தால் கியர்பெட்டியும் போயிடும். பெயின்டைக் காப்பாத்தி கியர்பெட்டியைக் குடுக்கிற வியாபாரம் எதுக்கு? கெரியருக்குச் சொல்லிப்போட்டு வெயிலுக்குள்ள நின்றோம்.

கெரியர் வந்ததும் மாமாட கண் பெல்ட்டிலதான். ரயரைச் சுத்திக் கட்டச் சொன்னார், உடம்பில படவே கூடாதென்று. ஏத்தக்குள்ள முன்பம்பர் சரிவில உரசாமல் ரயருக்குக் கீழால பலகை வைச்சார்கள். பக்கத்து வீட்டு ஐயா ஒராள் பாவப்பட்டு, நெல் காயப்போடுற படங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார், மூடிக்கொண்டு போகச் சொல்லி. மாமா கும்பிட்டு மறுத்துட்டார். எனக்கு அது மரியாதைக் குறைவாத்தான் பட்டது, பிறகுதான் விளங்கினது. ஓடுற காத்துக்குப் படங்கு படபடக்கும், அதுக்குக் கீழ மணல் இருக்கும். கடல்மணலில உள்ள படிகக்கல் கண்ணாடியையே கீறக்கூடியது. வழி முழுக்க உப்புத்தாள் போட்டு உரஞ்சின மாதிரி ஆகியிருக்கும்.

கராஜில இறக்கினதும் துடைக்கவும் விடேல்ல. முதல்ல தண்ணி ஊத்தி மண்ணைக் கழுவி, பிறகுதான் துணி.

சொன்ன கிழமைக்கே பார்க்கிற ஆள் வந்தார். பொனட் விளிம்பில நகத்தை வைச்சு மெல்ல இழுத்தார், குனிஞ்சு வெயிலுக்குச் சரிச்சுப் பார்த்தார். பெயின்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ரயர் தேய்ஞ்சிட்டென்றுதான் விலை குறைச்சுக் கேட்டார்.