அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த பதிவு இது. அக்காகிட்ட பர்மிஷன் வாங்கியாச்சு. "எழுதிக்கோடா, ஆனா என் வெயிட்டை மட்டும் போட்டுடாதே"ன்னு சொன்னா. 2023 ஜூன்ல அவ வெயிட் 112 கிலோ. (மன்னிச்சுக்கோ அக்கா, மக்களுக்கு மேட்டர் புரியணும்ல!)

உயரம் 160 சென்டிமீட்டர். அப்படின்னா பிஎம்ஐ கிட்டத்தட்ட 44. கூடவே சுகர், மூட்டுவலி. டயட், வாக்கிங், ஜிம்முன்னு பத்து வருஷம் போராடிப் பார்த்துட்டு கடைசியா 'ஸ்லீவ்' ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. இரைப்பையில முக்கால் பங்குக்கும் மேல வெட்டி எடுத்துட்டு, மீதியை ஒரு வாழைப்பழ சைசுக்கு குழாய் மாதிரி விட்டுடுவாங்க. பசியைத் தூண்டுற கிரெலின்ங்கிற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுக்குற பகுதியிலதான் சுரக்குது. அதனால பசியும் குறையும்.

அந்த ஆஸ்பத்திரியில மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் நடக்கும். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, பண்ணிக்கப் போறவங்க எல்லாரும் வட்டமா உட்கார்ந்து பேசுவாங்க. நான் டிரைவர் கம் தம்பி. ஒரு பிஸ்கட் கூட தரமாட்டாங்க, வெறும் கிரீன் டீதான் :-(

ஆனா உண்மையைச் சொல்லணும். அந்தக் கூட்டத்துல கிடைச்ச அறிவு டயட்டீஷியன் கொடுத்த சார்ட்டுல இல்லை. இட்லியை சாம்பார்ல ஊறவச்சு குழந்தைக்கு ஊட்டுற ஸ்பூன்ல சாப்பிடு, சாப்பிடும்போது தண்ணி குடிக்காதே, கல்யாணப் பந்தியில இலையை எப்படி சமாளிக்கிறது, "என்ன உடம்பு சரியில்லையா, இப்படி இளைச்சுட்டே"ன்னு கேக்குற அத்தைக்கு என்ன பதில் சொல்றது... இதெல்லாம் அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கூட்டத்தோட சூப்பர் ஸ்டார் ஒரு அண்ணாச்சி. பைபாஸ் ஆபரேஷன் பண்ணி 50 கிலோ குறைச்சவர். பழைய பேண்ட்டை எடுத்துட்டு வந்து ஒரு கால் விடுற இடத்துலயே ரெண்டு காலையும் விட்டுக் காட்டுவார். கைதட்டல் பிச்சுக்கும். அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் வேதவாக்குதான்.

நிற்க. பிரச்சனை இரண்டாவது வாரம் ஆரம்பிச்சுது. அக்காவுக்கு வாந்தி. ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. விட்டமின் மாத்திரையைப் பார்த்தாலே குமட்டுதுன்னு அதையும் நிறுத்திட்டா. அண்ணாச்சிக்கு போன் போட்டோம். "பயப்படாதம்மா, உடம்புல வருஷக்கணக்கா சேர்ந்த கழிவெல்லாம் வெளிய போகுது. நல்லதுதான். எனக்கும் வந்துச்சு"ன்னார். கூட்டத்துல இன்னும் ஆறேழு பேர்கிட்ட கேட்டோம். எல்லாருமே "எனக்கும் இருந்துச்சு, தானா போயிடும்"னு சொன்னாங்க.

நான் என்ன பண்ணேன்? இன்ஜினியரிங் படிச்ச மேதாவி இல்லையா, "பார்த்தியா, ஏழு பேருல ஏழு பேருக்கும் சரியாயிருக்கு"ன்னு அக்காவுக்கு புள்ளிவிவரம் சொன்னேன். இதுல நான் செஞ்ச தப்பு எனக்குப் புரிய ரொம்ப நாளாச்சு. கூட்டத்துக்கு யார் வருவாங்க? நல்லா இருக்கறவங்கதான் வருவாங்க. வாந்தி நிக்காம படுத்த படுக்கையானவங்க ஞாயித்துக்கிழமை காலையில வந்து கிரீன் டீ குடிக்க மாட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா, எரர் லாக் எழுத வேண்டிய ப்ராசஸே செத்துப்போச்சுன்னா லாக் ஃபைல் சுத்தமாத்தான் இருக்கும்.

மூணு வாரம் இப்படியே ஓடிச்சு. தெருமுனை கிளினிக்ல ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினாங்க. மறுநாள் காலையில பாத்ரூம் போக எழுந்தவ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு தள்ளாடினா. "டேய், ரெண்டு டிவி தெரியுதுடா"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். இப்ப நெனச்சாலும் வயித்தைக் கலக்குது.

அன்னைக்கு மத்தியானம் தற்செயலா போன் பண்ணவங்க அதே கூட்டத்துல வர்ற ஒரு ரிட்டயர்டு நர்ஸ். எல்லாரும் சிஸ்டர்னு கூப்பிடுவோம். கூட்டத்துல ஓரமா உட்கார்ந்திருப்பாங்க, அதிகம் பேசமாட்டாங்க. ஆறுதல் எதுவும் சொல்லலை. வரிசையா கேள்விதான் கேட்டாங்க. வாந்தி எத்தனை நாளா? மாத்திரை போடறாளா? பார்வை எப்படி? நடை எப்படி? அப்புறம் சொன்னாங்க: "தம்பி, இது பி1 சத்துக் குறைபாடா இருக்கலாம். இன்னைக்கே ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி தயமின் ஊசி போடச் சொல்லுங்க. நான் சொல்றது சரின்னா ரெண்டு மூணு நாள்ல கண்ணு தெளியும். தெளியலைன்னா வேற ஏதோன்னு அர்த்தம், அவங்க ஸ்கேன் எடுத்துப் பார்ப்பாங்க."

சிஸ்டர் சொன்னதுதான் நடந்துச்சு. வெர்னிக்கி என்கெஃபலோபதின்னு பேரு. கார்ல் வெர்னிக்கி 1881-லயே விவரிச்சது. பார்வைக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம் மூணும்தான் அடையாளம். தயமின் என்கிற பி1 நம்ம உடம்புல ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். குளுக்கோஸை எரிக்க பி1 வேணும். வெறும் குளுக்கோஸை ஏத்தினா மிச்சம் இருக்கறதும் காலி. கவனிக்காம விட்டா ஞாபக சக்தி நிரந்தரமா போயிடலாம், உயிரே கூட போகலாம். அக்காவுக்கு ஊசி போட்ட மூணாவது நாள் ஒரே டிவிதான் தெரிஞ்சுது. நடை சரியாக ரெண்டு மாசமாச்சு. வாந்திக்குக் காரணம் 'கழிவு' இல்லை. குழாயில ஒரு இடம் இறுகிப் போயிருந்திருக்கு. எண்டோஸ்கோப்பி வழியா பலூன் விட்டு விரிச்சாங்க.

ஆஸ்பத்திரி நாற்காலியில உட்கார்ந்து இந்த பி1 கதையைத் தோண்டினேன். 1890-கள்ல ஜாவாவுல ஐக்மன்னு ஒரு டச்சு டாக்டர். பெரிபெரி நோய்க்குக் கிருமிதான் காரணம்னு தேடிக்கிட்டு இருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்குத் திடீர்னு கால் விழுந்துச்சு, திடீர்னு சரியாவும் ஆச்சு. விசாரிச்சா, நடுவுல கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி சமையல்கட்டுல இருந்து தீட்டின அரிசிச் சோறு போட்டிருக்காங்க. புது சமையல்காரர் தர முடியாதுன்னதும் பழைய தவிட்டரிசிக்கு மாறியிருக்காங்க. மனுஷன் அதோட விடலை. ஒரு கூட்டத்துக்குத் தீட்டின அரிசி, இன்னொரு கூட்டத்துக்குத் தீட்டாத அரிசின்னு போட்டுப் பார்த்தார். தமாஷ் என்னன்னா, அரிசி மாவுல ஏதோ நஞ்சு இருக்கு, தவிடு அதை முறிக்குதுன்னுதான் அவரும் விளக்கம் சொன்னார். 1901-ல அவருக்கு அடுத்து வந்த கிரைன்ஸ்தான் நஞ்செல்லாம் இல்லை, தவிட்டோட ஒரு சத்து போயிடுதுன்னு சொன்னார். ஆனா விளக்கம் தப்பா இருந்தாலும் சோதனை சரியா இருந்ததால அடுத்தவர் திருத்த முடிஞ்சுது. ஐக்மனுக்கு 1929-ல நோபல் பரிசு.

அங்கதான் எனக்கு பல்பு எரிஞ்சுது. அண்ணாச்சியும் சிஸ்டரும் ஒரே கூட்டம். ரெண்டு பேருமே அனுபவசாலிங்க, ரெண்டு பேருக்குமே அக்கா மேல அக்கறை. வித்தியாசம் ஒண்ணுதான். வாந்தி வந்தா கழிவு போகுது, நின்னா கழிவு போயிடுச்சு. அண்ணாச்சி சொன்னது எது நடந்தாலும் சரியாத்தான் இருக்கும். எந்த அவுட்புட் வந்தாலும் பாஸ் ஆகுற டெஸ்ட் கேஸை நம்ம டீம்ல யாராவது ஒத்துப்போமா? சிஸ்டர், தான் சொல்றது தப்புன்னா எப்படித் தெரியும், எத்தனை நாள்ல தெரியும்னு சேர்த்தே சொன்னாங்க.

அதுக்கப்புறம் கூட்டத்துல எந்த வைத்தியம் காதுல விழுந்தாலும் இந்தக் கேள்வியைத்தான் கேக்கறேன். நாலாவது மாசம் அக்காவுக்கு முடி கொத்துக் கொத்தா கொட்டிச்சு. ஒருத்தங்க கரிசலாங்கண்ணி எண்ணெய், ஒருத்தங்க வெங்காயச் சாறு, இன்னொருத்தங்க பயோட்டின் மாத்திரைன்னாங்க. மூணு பேருக்குமே பலன் கிடைச்சுதாம். நான் ஒண்ணுமே தடவாத ஆளைத் தேடிப் பிடிச்சேன். அவங்களுக்கும் முளைச்சிருந்துச்சு! பெரிய ஆபரேஷன், வேகமான எடைக் குறைவுக்கு அப்புறம் மூணாவது மாசம் வாக்குல முடி கொட்டறதும், சில மாசத்துல தானா நின்னு முளைக்கிறதும் வழக்கம்தான். புரதமும் இரும்புச்சத்தும் குறையாம பார்த்துக்கணும், அவ்வளவுதான். எண்ணெய் தடவறதுல நஷ்டமில்லை. ஆனா பயோட்டினை அதிக அளவுல சாப்பிட்டா தைராய்டு, மாரடைப்புக்கான ரத்தப் பரிசோதனையெல்லாம் தப்பா காட்டலாம்னு அமெரிக்க எஃப்டிஏ 2017-ல எச்சரிச்சிருக்கு.

கடைசியா அண்ணாச்சி. ஒரு கூட்டத்துல, "நான் மாத்திரையை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு, எனக்கு என்ன ஆயிடுச்சு?"ன்னு கேட்டார். கைதட்டல். அக்கா எழுந்தா. "அண்ணாச்சி, பி1-க்கு மூணு வாரம். பி12 கல்லீரல்ல வருஷக்கணக்கா இருப்பு இருக்கும். ரெண்டு வருஷத்துல ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தமில்லை. ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்"னா. ஹால் அமைதியாயிடுச்சு. அண்ணாச்சி பதில் சொல்லலை. வெளிய வந்து கார் பக்கத்துல நின்னு, "தங்கச்சி, கொஞ்ச நாளா காலு மரத்துப் போகுது. சுகராலன்னு நெனச்சேன்"னு மெதுவா சொன்னார்.

சிஸ்டர்தான் கூட்டிட்டுப் போனாங்க. பி12 ரொம்பக் கீழ. இப்ப ஊசி போட்டுக்கிறார். இன்னமும் பேண்ட்டைக் காட்டறார், கைதட்டல் வாங்கறார். ஆனா கடைசியா, "மாத்திரையை நிறுத்தாதீங்க. நான் நிறுத்தின முட்டாள்"னு ஒரு வரி சேர்த்துக்கிறார். எனக்கென்னவோ 50 கிலோ குறைச்சதை விட அந்த ஒரு வரிதான் பெரிசாத் தெரியுது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். வீட்டுல யாராவது இந்த ஆபரேஷன் பண்ணி ஓயாம வாந்தி எடுத்தா என் பதிவையும் நம்பாதீங்க, நேரா ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போங்க. அக்கா இப்ப 74 கிலோ. இதை மட்டும் தாராளமா போட்டுக்கலாமாம் :-)